கீரியின் பழைய ஏடு

காட்டுக் காவல் நிலையத்தில் ஓர் ஆமை ரைட்டராக இருந்தது. குற்றவாளியின் ஏட்டில் கடைசிப் பதிவு எழுதி ஏழு மழைக்காலம் கழிந்தால், அதைக் கிழித்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

இளமையில் ஒரே ஒரு வாத்து முட்டையைத் திருடிய கீரிக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது. குளத்து வாத்துகளோ பாம்புத் தொல்லை தாங்காமல் அதையே காவலுக்கு அழைத்தன. ஏட்டில் பெயர் இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

"ரைட்டர் ஐயா, பதினோரு மழை பெய்தாயிற்று. என் ஏட்டைக் கிழியுங்கள்."

ஆமை நிதானமாகப் புரட்டியது. "ஏழாம் மழை முடிந்ததும் வந்து கேட்டாய். 'மனுதாரர் நேரில் வந்தார்' என்று பதிந்தேன். பிறகும் மூன்று முறை வந்தாய், பதிந்தேன். கடைசிப் பதிவு போன மழையில். இன்று வந்ததையும் எழுதிவிட்டால், இன்னும் ஏழு மழை பொறுக்க வேண்டும், தம்பி."

"திருடியது ஒரு முட்டை, அதற்கு ஐந்து பக்கமா?" கீரி ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு வாசலை அடைத்து உட்கார்ந்தது. "வந்து கேட்பது குற்றமா ஐயா?"

"இல்லை."

"குற்றமில்லாததைக் குற்ற ஏட்டில் எழுதுவது?"

ஆமை யோசித்தது. "அது குற்றம்தான்."

"அப்படியானால் எழுதியவர்மேல் புகார் தருகிறேன். பதியும்வரை நகரமாட்டேன்."

ஆமை புதிய ஏட்டில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதி, நெடுநேரம் அதையே பார்த்தது. பிறகு கீரியின் ஐந்து பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கிழித்தது.

"சரி, கிழித்ததை எங்கே பதிவது?" என்று அது நிமிர்ந்தபோது, கீரி குளத்துக்குப் பாதி வழி போயிருந்தது.