ஈரச் சுவர்

“வணக்கம், உங்களுக்கு எப்படி…” என்று ஓர் ஆண் குரல் தொடங்கியதுமே அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைக் கட் செய்தாள்.

“என்னக்கா, இவ்வளவு நேரம் அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டே காத்திருந்தீங்க. ஆள் வந்ததும் வெச்சுட்டீங்க?” என்றார் கான்ட்ராக்டர். கவிழ்த்த வாளியின் மேல், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்த ஆள்கிட்டப் பேசிப் பிரயோஜனமில்லை. வேற யாராவது எடுக்கட்டும்.” இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எண்ணை மறுபடி அழுத்தினாள்.

“பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி ஒவ்வொருத்தரா வேண்டாங்கறீங்க.”

வெள்ளம் வடிந்துவிட்டது. சமையலறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு மட்டும் அப்படியே நின்றது. சுவரில் பதித்திருந்த பலகைகள் ஊறி உப்பி, பின்னாலிருந்து பூஞ்சை வாடையைக் கக்கின. ஃப்ரிட்ஜ் வாசலில் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது.

குடும்பம் மொத்தமும் மாடியிலிருந்த ஒரே அறைக்குள் அடைந்து கிடந்தது. சமையல், தூக்கம், வேலை எல்லாம் அங்கேதான்.

சுவரைக் காயவைக்க வாடகைக்கு எடுத்திருந்த பெரிய ஃபேனின் இரைச்சலையும் தாண்டி, மேலேயிருந்து இருமல் கேட்டது.

“பாப்பாவா?”

“ம். பூஞ்சைதான் ஒத்துக்கலைன்னு டாக்டர் சொல்லிட்டார். படுத்தாலே இழுப்பு வந்துடுது.”

“சார் எங்கே?”

“வேலையில இருக்கார்.”

இந்த முறை ஒரு பெண் எடுத்தாள். விவரத்தை முழுக்கக் கேட்டாள். “சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் எதையும் தொடக்கூடாது மேடம். மீறித் தொட்டா கிளெய்ம் ரத்தாயிடும்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“சர்வேயர் எப்ப வருவாராம்?” என்றார் கான்ட்ராக்டர்.

“நீங்க சேதம் எவ்வளவுன்னு எழுதிக் கொடுத்தப்புறம்.”

“பலகையைப் பிரிக்காம நான் என்னத்தை எழுத? பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னானாம், அந்தக் கதையால்ல இருக்கு!” அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அந்த ஆபீஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?”

“இருந்து என்ன? சொந்தக்காரங்க ஃபைலைத் தொட்டா வேலையும் போயிடும், கிளெய்மும் போயிடும்.”

கான்ட்ராக்டர் பெருமூச்சோடு எழுந்தார். “தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. தெரு முழுக்க என்னைத்தான் தேடுறாங்க. இப்ப நான் போனா, அடுத்த மாசம்தான் திரும்பி வர முடியும்.”

அடுத்த மாதம். அவள் உப்பிய சுவரைப் பார்த்தாள்; மாடிப்படியைப் பார்த்தாள். “ஒரே ஒரு தடவை. கொஞ்சம் இருங்க.”

“ஃபேனை நிறுத்தட்டுமா? பேசறது கேட்கணும்ல?”

“வேண்டாம், ஓடட்டும்.”

“இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது” என்றது இயந்திரக் குரல். மேலே பாப்பா மறுபடி இருமினாள். இருமல் அடங்க நேரமாயிற்று.

“வணக்கம்.” அதே ஆண் குரல்.

அவள் விரல் சிவப்புப் பொத்தான் வரைக்கும் போய், தொடாமல் நின்றது.

“சார், நான் பேசறேன்… எங்க வீட்டுல வெள்ளம் புகுந்துடுச்சு. சுவர்ப் பலகையைப் பிரிக்க அனுமதி வேணும். குழந்தைக்கு மூச்சுத் திணறுது.”

“சர்வேயர் பார்க்காம நான் எதுவும்… மேடம்.”

“உங்க வீடா இருந்தா இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களா?”

கான்ட்ராக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“முடியாதுதான் மேடம்” என்றது அந்தக் குரல், மெதுவாக. பிறகு, “ஃப்ரிட்ஜ் வெச்சிருந்த இடத்துல, பின்னாடி ஒரு சுவிட்ச் போர்டு இருக்குமே? அதுக்குள்ள ஈரம் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. ஜாக்கிரதையா.”

கான்ட்ராக்டர் பையை இறக்கினார். மெயின் சுவிட்சிலிருந்து அந்தப் பக்கத்து இணைப்பை அணைத்துவிட்டு வந்து, போர்டின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளேயிருந்து பழுப்பு நீர் அவர் மணிக்கட்டில் வழிந்தது.

“ஐயய்யோ, உள்ளே தண்ணி நிக்குதுக்கா! யாராவது கை வெச்சிருந்தா அவ்வளவுதான்.”

“கேட்டுச்சு மேடம். மின்சார ஆபத்து இருந்தா சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டாம், அது விதியிலேயே இருக்கு. போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு இப்பவே பிரிக்கச் சொல்லுங்க. அனுமதி கொடுத்தாச்சு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஈரம் முதுகில் ஏறியது கூட உறைக்கவில்லை.

“யாருக்கா அந்த மகராசன்?” என்ற கான்ட்ராக்டர், எட்டிப் போய் ஃபேனின் ப்ளக்கைப் பிடுங்கினார். “ஈரத்துல இது வேற எதுக்கு?”

இரைச்சல் அடங்கி, வீடு சட்டென்று அமைதியானது.

“ரொம்ப நன்றி சார்.” அவள் குரல் இப்போது வீடு முழுக்கக் கேட்டது.

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், போனிலும் மாடியிலும் ஒரே நேரத்தில், தூக்கம் கலைந்த ஒரு சின்னக் குரல் கேட்டது.

“அப்பா, அம்மாவை எதுக்கு மேடம்னு கூப்பிடறீங்க?”