வயிற்றில் முள் உண்டா?

நான் ஒரு மரங்கொத்தி. எந்தப் பூச்சியைக் காட்டினாலும் அடையாளம் சொல்லிவிடுவேன் என்று காட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதும் நான்தான்.

ஒருநாள் அணில் ஓடிவந்தாள். "அண்ணே, நான் குட்டி போட்டிருக்கிற எல்ம் மரத்துல இலையெல்லாம் வாடுது. சீக்கிரம் வாங்க!"

போய்ப் பட்டையைப் பெயர்த்தேன். எள்ளளவு வண்டுகள் உள்ளே குடைந்து வழி போட்டிருந்தன.

"எல்மைத் தாக்கும் பட்டை வண்டில் பல வகை உண்டு. ஒரு வகைக்கு மட்டும் வயிற்றில் முள் இருக்கும்" என்றேன்.

"எந்த வகையா இருந்தா என்ன? கொத்தித் தின்னுங்க அண்ணே!"

"பேர் தெரியாததைத் தின்னும் வழக்கம் எனக்கு இல்லை."

உடனே ஒரு வண்டு மல்லாந்து படுத்தது. "நிதானமாகப் பாருங்கள், ஐயா. வெளிச்சம் போதுமா?"

பார்த்தேன். சந்தேகமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வண்டு வேண்டும் என்றேன். மல்லாந்து கிடந்த வண்டு தன் சொந்தக்காரர்கள் நாற்பது பேரைக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தியது. எல்லோரையும் பார்த்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

"முள் உண்டு!" என்று கூவினேன்.

மரத்தில் ஓர் இலைகூட இல்லை. அணில் கடைசிக் குட்டியைக் கவ்விக்கொண்டு பக்கத்து எல்முக்குத் தாவினாள். வாயில் குட்டி இருந்ததால் அவளால் என்னைத் திட்ட முடியவில்லை.

"நாங்களும் அங்கேதான் போகிறோம், ஐயா" என்றது வண்டு. "நீங்களும் அவசியம் வர வேண்டும். உங்களைப் போல் பொறுமைசாலி கிடைப்பது அபூர்வம்."

எனக்கு அது பாராட்டாகவே பட்டது.