பெயர் சுரண்டிய சிப்

சோதனைப் பெட்டியின் திரையில் 41 என்று வந்ததும் டெலிபோன் சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாற்பத்தொன்று அவருடைய ரகசிய எண். எந்தக் கம்பெனி என்று கண்டுபிடித்த ஒவ்வொரு சிப்பிலும் ஒரு காலி இடத்தில் அதைப் பதிந்து வைப்பது, போன வாரம் அவர் ஆரம்பித்த வழக்கம். ‘இது நான் பார்த்த சரக்கு’ என்று ஓர் அடையாளம், அவ்வளவுதான். யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் வேண்டுமே!

ஆக, பெயர் தெரியாத சிப் என்று காலையில் முதலாளியம்மா கொண்டுவந்து வைத்த இது, அவரே பெயர் கண்டுபிடித்து லேபிள் ஒட்டிக் கொடுத்தது!

அடுத்ததை எடுத்தார். 41. அதற்கடுத்தது. அதுவும் 41.

மோந்து பார்த்தார். நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாடை குப்பென்று அடித்தது.

அது பொம்மை ரயில் கடை. ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் நகமளவு ஒரு சிப் இருக்கும். தண்டவாளம் வழியாக வருகிற கட்டளையைக் கேட்டு ஓடும், நிற்கும், விசிலடிக்கும். பழைய ரயில்களை வாங்கும்போது பேர் ஊர் தெரியாத சிப்புகள் பை பையாக வந்து சேரும். ஒவ்வொன்றையும் இன்ஜினில் மாட்டி, சோதனைத் தண்டவாளத்தில் வைத்து, “நீ எந்தக் கம்பெனிப்பா?” என்று விசாரிப்பதுதான் ரிட்டயரான நம் டெலிபோன் சாரின் வேலை.

சிப் பேசாது. பெட்டி ஒவ்வொரு எண்ணாகக் கேட்கும். ஆமாம் என்றால் இன்ஜின் ஒரு துடி துடிக்கும். இல்லையென்றால் சும்மா இருக்கும். கடைசியில் வருகிற எண்ணைச் சுவரிலுள்ள பட்டியலில் பார்த்தால் கம்பெனி தெரிந்துவிடும்.

மனைவி போன பிறகு, வீட்டில் அவர் ஏதாவது கேட்டால் அப்படித் துடிக்கக்கூட ஒன்றும் கிடையாது.

‘மட்டச் சரக்கின் பெயரை அழித்து, உசத்திச் சரக்கோடு கலந்து விற்கப் பார்க்கிறாங்க. கலக்கும்போது கை பிசகி என் மேஜைக்கே வந்துடுச்சு!’

கேட்டால் இன்றோடு வேலை போய்விடும். நாளைக் காலை குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவது? கேட்காவிட்டாலோ, ராத்திரி தூக்கம் வராது.

போனால் போகட்டும் என்று எழுந்தார்.

முன்பக்கம் முதலாளியம்மா வழக்கம்போல் ஆரம்பித்தார். “என்ன சார், அதுக்குள்ள டீயா? இப்பத்தானே குடிச்சீங்க? வேலை எப்ப நடக்கும்?”

“டீ கிடக்கட்டும்மா. இந்த மூணுலயும் லேபிளைச் சுரண்டினது யாரு?”

“பேரே இல்லாத சிப்புல ஏது லேபிள்?”

“நான் எழுதி ஒட்டின லேபிள். உள்ள அடையாளம் போட்டு வெச்சிருக்கேன். வேணும்னா வந்து பாருங்க.”

முதலாளியம்மாவின் முகம் வெளுத்தது. குரல் மட்டும் இறங்கவில்லை. “கண்ணு தெரியலைன்னா டாக்டர்கிட்டப் போங்க. என்கிட்ட எதுக்குக் கத்தறீங்க?”

“முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் லைன் டெஸ்ட் பண்ணினவன்கிட்ட டபாய்க்காதீங்க. என்னை நம்பி வாங்கறவன் வயித்தெரிச்சலை நான் கொட்டிக்க மாட்டேன். நாளையிலேர்ந்து வரலை.”

சொல்லிவிட்டாரே தவிர, கால் நகரவில்லை.

முதலாளியம்மா மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே டெலிபோன் சார் லேபிள் ஒட்டிய சிப்புகள், வரிசையாக, ஒன்றுகூட விற்காமல். பக்கத்தில் பஞ்சும், நகப்பூச்சு அழிக்கிற புட்டியும்.

“பேர் தெரியாத சிப்பெல்லாம் தீர்ந்து நாலு மாசமாச்சு சார். வாரா வாரம் நான் சுரண்டறேன், நீங்க கண்டுபிடிக்கறீங்க.”

டெலிபோன் சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அப்ப... எனக்கு இங்க வேலையே இல்லையா?”

“இல்லை.”

“எனக்காகப் பாவம் பார்த்தீங்களாம்மா?”

“உங்களுக்காக யார் பார்த்தா?” முதலாளியம்மா வெடுக்கென்று சொன்னார். சொன்ன வேகத்தில் கண் கலங்கிவிட்டது. “கடைக்கு ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கறதில்லை. மாடிக்குப் போனா அங்கயும் நாலு சுவர்தான். வேலை இல்லைன்னு சொன்னா நீங்க வருவீங்களா? நீங்களும் வரலைன்னா, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் யாரைத்தான் சார் திட்டறது?”