நேரடி லைன்

"மேடம், லாரி ஒண்ணு கவுந்து கிடக்கு. மூணு தடத்துல ரெண்டு போச்சு. வண்டிகளை மில் ரோடு இறங்குவழியில திருப்பி உங்க பக்கம் விடணும். தாங்குமா?"

நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டு அறை அதிகாரியின் குரல். நகரத்து சிக்னல் அறையில் அந்த நேரடி லைனைக் காதில் மாட்டியிருந்தவள், சுவர் முழுக்க இருந்த திரைகளைப் பார்த்தாள். ஆபீஸ் விடும் நேரம். சாலைகள் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தன.

"மொத்தமா விட்டா தாங்காது சார். கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. மில் ரோட்டுல இருக்கிற அஞ்சு சிக்னல்லயும் பச்சையை நீட்டிடறேன். குறுக்குத் தெருக்களை நிறுத்தி வைக்கிறேன்."

"ஏறுவழியை மூடிட்டேன். புதுசா யாரும் மேல வர மாட்டாங்க."

"போர்டுல முன்கூட்டியே போட்டுடுங்க. இல்லன்னா கடைசி நேரத்துல குறுக்க வெட்டுவாங்க."

"போட்டாச்சு." சற்றுத் தயங்கி, "குரல் கட்டின மாதிரி இருக்கே உங்களுக்கு" என்றார்.

"ஏசி ஒத்துக்கல சார்."

"வெந்நீர் குடிங்க."

பக்கத்து நாற்காலிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை அவளுக்கு.

"எங்க பழைய ஆபீஸ்ல நெடுஞ்சாலைக்காரங்களும் நாங்களும் எலியும் பூனையுமா இருப்போம். இங்க என்னக்கா, பேச்சுல தேன் ஒழுகுது?"

"திரையைப் பாரு" என்றாள் இவள்.

மேலிருந்து இறங்கிய வண்டிகள், ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சைக்கு நிற்காமல் நகர்ந்தன. குறுக்குத் தெருக்களில் நின்றவர்கள் போன் செய்து திட்டித் தீர்த்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரி எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

"சார், ஆஸ்பத்திரி முக்குல தேங்க ஆரம்பிச்சிருச்சு. கொஞ்சம்..."

"வண்டிகளை மேலயே பிடிச்சு வச்சிட்டேன் மேடம். அது கரைஞ்சதும் சொல்லுங்க, அப்புறம் விடறேன்."

அவள் முழுதாகச் சொல்லி முடிக்கவே இல்லை. அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவர் குரல். "லாரி டிரைவரை வெளிய எடுத்துட்டாங்க. கால் நசுங்கியிருக்கு. ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு."

"வழி குடுத்துட்டேன்."

அதன்பிறகு இருவரும் பேசவில்லை. லைனையும் துண்டிக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஒவ்வொரு சிக்னலாகக் கடந்தது. ஆஸ்பத்திரி முக்கில் திரும்பும்போது அவளுடைய கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"உள்ள போயிருச்சு சார்."

"ம்" என்றார் அவர். அவர் பெருமூச்சு விட்டது லைனில் கேட்டது.

"ஏன்க்கா, ஆம்புலன்ஸ்னதும் ரெண்டு பேரும் வாயே திறக்கல?" என்று கேட்டாள் பக்கத்து நாற்காலிக்காரி.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த லைன் கிடையாது. அன்னைக்கும் மேல ஒரு விபத்து. அவங்க வண்டிகளை ஊருக்குள்ள திருப்பி விட்டாங்க. எங்களுக்குத் தெரியாது, நாங்க சிக்னலைத் தொடல. அந்த முக்குல ஒரு ஆம்புலன்ஸ் மாட்டிக்கிச்சு."

"உள்ள யாரு?"

"ஸ்கூல் போற பொண்ணு. மூச்சுத் திணறல். அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தாங்க. பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஏத்தி விட்டாங்க. ஆஸ்பத்திரி கேட் கண்ணுக்குத் தெரியுற தூரத்துல..."



"தப்பு யார் மேலக்கா?"

"அவங்க எங்களைச் சொன்னாங்க. நாங்க அவங்களைச் சொன்னோம். எல்லாம் முடிஞ்சப்புறம் லைன் போட்டாங்க."

"அன்னைக்கு டூட்டியில யாரு?"

"இங்க நான். அங்க அவர்."

பக்கத்து நாற்காலிக்காரிக்கு ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக, "அவ்வளவு நடந்தும் எவ்வளவு தன்மையாப் பேசிக்கிறீங்க. அவரை நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்றாள்.

"பார்த்திருக்கேன்."

லைனில் விளக்கு எரிந்தது. "லாரியை இழுத்துப் போட்டாச்சு மேடம். மூணு தடமும் திறந்தாச்சு. நீங்க சிக்னலைப் பழையபடி மாத்திக்கலாம்."

"மாத்திடறேன் சார்."

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் இருவரும் லைனை வைக்கவில்லை.

"வானம் இருட்டிக்கிட்டு வருது" என்றார் அவர். "பார்த்துப் போங்க."

"நீங்களும்."

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் நன்றாக நனைந்துவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்த நெடுஞ்சாலை அதிகாரி, கூடத்தில் மகளின் மாலையிட்ட படத்துக்கு எதிரே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை, அவளும் நிற்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி, அடுத்த விபத்து நடக்கும்வரை கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளப் போவதில்லை.