வழியனுப்ப யாரும் வராண்டாம்

கேட்டைப் பிடித்துக்கொண்டு பிளஸ்ஸி மூக்கைச் சிந்தினாள். "அவியளுக்கு ரெண்டு கோடு வந்திட்டு மாமி. கொரோனாதான். உள்ள வராண்டாம், அப்பிடியே போயிருங்க."

வெளியே நின்ற நேசபாய் மாமி இரண்டு எட்டுப் பின்னால் போனாள். மஸ்கட்டில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்ப அவள் கொண்டுவந்த பொதியில் நேந்திரங்காய் உப்பேரியும் மீன் ஊறுகாயும் இருந்தன. "ஐயோ மக்களே, பிளேன் ஏறப்போற நேரத்துலயா இப்பிடி? நான் வீட்டுலேருந்தே ஜெபிக்கேன்" என்று சொல்லிவிட்டு, பொதியோடு விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

மாமியின் தலை மறைந்ததும் பிளஸ்ஸி கண்ணைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். படுக்கையறையில் நோயாளி எட்சன், மரச்சீனிக் கிழங்கையும் மத்திக் குழம்பையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தான். காய்ச்சலும் கிடையாது, இருமலும் கிடையாது, கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு.

"மாமி போயாச்சா?"

"போயாச்சு. ஊறுகாயும் போயாச்சு."

புருஷனும் பெண்டாட்டியும் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். மஸ்கட் வேலையிலிருந்து லீவுக்கு வந்த எட்சனைக் கொரோனா ஊரிலேயே பிடித்து உட்கார்த்திவிட்டது. குலசேகரத்தில் அடுத்தவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக் காலத்தைத் தள்ளினான். இப்போது மஸ்கட் கதவைத் திறந்துவிட்டது, கம்பெனியும் கூப்பிட்டுவிட்டது. இந்தத் தடவை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லிவிட்டது.

இரண்டு ஊசியும் போட்டாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்றுதான். நாளை மறுநாள் நாகர்கோவிலில் மூக்குக்குள் குச்சி விடுவார்கள், அதில் நெகட்டிவ் என்று வந்தால்தான் பிளேன்.

ஆனால் நம்ம பக்கத்தில் ஒருத்தன் கல்ஃபுக்குக் கிளம்புகிறான் என்றால் சும்மா விடுவார்களா? சபையே திரண்டு வரும். கையைப் பிடித்து ஒருவர், தலையில் கைவைத்து ஒருவர், கன்னத்தில் முத்தம் கொடுத்து நாலு மாமிமார் என்று ஜெபித்து, அழுது, பொதி கொடுத்துத்தான் ஏற்றிவிடுவார்கள். வராதீர்கள் என்று வாய்விட்டுச் சொன்னாலோ ஏழு தலைமுறைக்கும் பகை.

பிளஸ்ஸியின் மூளையில்தான் அந்த யோசனை உதித்தது. நோய் வராமல் இருக்க வேண்டுமென்றால், நோய் வந்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு, விற்காமல் கிடந்த ஒட்டுப்பால் சாக்குகளைக் கேட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். ரப்பர் சிரட்டையில் உறைந்து நாள்பட்ட பால் இருக்கிறதே, அதன் நாற்றத்துக்குப் பக்கத்தில் செத்த எலி சந்தனம். மாஸ்க் போட்டு வந்தவர்கள்கூட மாஸ்க்குக்கு மேலே ஒரு கையை வைத்துப் பொத்திக்கொண்டுதான் நின்றார்கள்.

"எல்லாரையும் வெரட்டியாச்சு. ஜான்ரோஸ் மாமாவத்தான் இன்னும் காணல்ல" என்றான் எட்சன்.

பேச்சிப்பாறை ஜான்ரோஸ் பிளஸ்ஸிக்குத் தாய்மாமன். கட்டிப்பிடித்து ஜெபிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. பிடித்தாரானால் ஆமென் வரை விடமாட்டார். அப்பேர்ப்பட்டவரைப் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூடக் காணோம்.

"அவரும் பயந்துபோயி வீட்டுக்குள்ள அடங்கியிருப்பாரு" என்றாள் பிளஸ்ஸி. சொல்லி வாய் மூடவில்லை, கேட் கிரீச்சென்றது.

ஜான்ரோஸ் மாமாதான். மாஸ்க் இல்லை. நடந்து வந்த களைப்பில் ஒட்டுப்பால் சாக்கின் மேலேயே உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். "இந்த ஊருக் காத்தே தனிதான் மக்களே."

பிளஸ்ஸி பதறியடித்துக்கொண்டு ஓடினாள். "மாமா, உள்ள போவாண்டாம். அவியளுக்கு..."

"தெரியும் மக்களே, ரெண்டு கோடு. போன்ல கேட்டதும் எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளல்ல. ஊரெல்லாம் ஒதுக்கி வச்சிருக்கு, பாவம் பய ஒத்தையில கெடக்கான். அதுக்கென்ன, நான் இருக்கேம்லா?"

அவள் குறுக்கே கை நீட்டுவதற்குள் மாமா அவளைத் தாண்டி, கதவைத் தள்ளி, எட்சனை அப்படியே அள்ளி அணைத்துக்கொண்டார். கன்னத்தோடு கன்னம் சேர்த்து ஜெபம் தொடங்கியது. மழைக்காலத்தில் பேச்சிப்பாறை அணையைத் திறந்ததுபோல அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் எட்சனுக்குத் திமிறிக்கொண்டு ஓடத்தான் தோன்றியது. கொஞ்ச நேரத்தில், பெற்ற தகப்பன்கூட எட்டி நிற்கிற நோய்க்கு, உயிரைத் துச்சமாக நினைத்து ஒரு மனுஷன் வந்து நிற்கிறாரே, இவரிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று கூசிப்போனான். வாசலில் நின்ற பிளஸ்ஸிக்கு இந்தத் தடவை நிஜமாகவே அழுகை வந்தது.

ஆமென் வந்ததும் எட்சன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, என்ன மன்னிச்சிருங்க. நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம். எனக்குக் கொரோனாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆளு வராம இருக்கதுக்குச் சும்மா சொன்னதாக்கும்."

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. எட்சனின் கன்னத்திலிருந்து கையை மெதுவாக எடுத்தார்.

"அப்போ பாசிட்டிவ் எனக்கு மட்டுந்தானா மக்கா?"