குளம்படி

சீமைக்குதிரையின் குளம்பை மூடித் தொங்கிய நீண்ட மயிருக்குள் சொறிப்பூச்சி புகுந்து நான்கு கால்களும் புண்ணாகியிருந்தன. அரிப்பில் அது நாளெல்லாம் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தது. லாயக்காரர் மதலைமுத்து மயிரைக் கத்தரித்து, கந்தகத் தைலம் தடவி, ஈரம் தங்காமல் துடைத்து, ஒரு மாதம் பார்த்தார். புண் ஆறியது. மிதி நிற்கவில்லை. அதுவும் ஒரே இடத்தில்.

“தோலு சுத்தமா இருக்கேண்ணே. இடத்த மாத்திக் கட்டிப் பாருங்க,” என்றார் கால்நடை டாக்டர் வகிதா.

மாற்றிக் கட்டியதும் குதிரை அடங்கியது. மறுநாள் காலை பழைய இடத்தைக் கழுவப் போன மதலைமுத்து வாளியோடு நின்றுவிட்டார். தரை ஒரு சாண் மேலெழும்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் எழும்பியது. பின்னால் குதிரை கயிற்றை இழுத்துக்கொண்டு கனைத்தது. மதலைமுத்து வலது காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார். பிறகு இடது காலை.