மருந்து படாத புல்

பெருங்களத்தூர் ரயில் பாதைக்கு அப்பால், மனைக் கற்கள் மட்டும் நட்டுக் கிடக்கும் புல்வெளியில் சாயங்கால வெயில் படிந்திருக்கிறது. செல்லம்மா புடவையைத் தூக்கிச் செருகி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வெட்டுக்கிளி தேடுகிறாள். புருஷன் அப்பாதுரை தள்ளி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிறார். தாம்பரத்துத் தெருக்களில் கொசுப்புகை அடிப்பது அவர் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் மருந்து வாடை போவதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள பூச்சிகளெல்லாம் அந்தப் புகையைக் குடித்தவை, தின்றால் தன் சிலந்தி செத்துவிடும் என்று மகன் சவுரி சொல்லிக்கொண்டே இருப்பான். சவுரியை அடக்கம் பண்ணி ஒரு மாதமாகிறது. உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் மயிரோடு இருக்கும் அவனுடைய சிலந்தி மட்டும் கண்ணாடித் தொட்டியில் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறது. எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி. செல்லம்மா கையை நீட்டுகிறாள்.

"அத்த வுடு மே! எருக்க எல துன்றது, வெசம். புல்லுல கீது பாரு, பச்சையா, சின்னதா. அத்தப் புடி."

"இன்னாய்யா, அவனாட்டமே பேசுற? ‘மருந்துக் கையோட தொட்டில கைய வெக்காதப்பா’ன்னு அவன் சொன்னதுக்கு அன்னிக்கு அடிக்கப் போனியே."

அவர் எருக்கஞ்செடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிடிபட்ட பச்சை வெட்டுக்கிளி பாட்டிலுக்குள் டப் டப்பென்று மோதுகிறது. செல்லம்மா அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள்.

"ஒண்ணு போதுமா? எத்தினி நாளைக்கு ஒருவாட்டி போடுவான்?"

மின்சார ரயில் ஒன்று இரைந்து கடந்து போகிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று அப்பாதுரைக்குத் தெரியாது. "சாப்புடுதுப்பா, வந்து பாரேன்" என்று சவுரி கூப்பிட்டபோதெல்லாம் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.